காது கேட்காமல் இசை படைத்த பீத்தோவன்



நம்ம கூட்டமைப்பு மலருக்கு ஒரு சாதனையாளரோட வாழ்க்கையை எழுதித் தாங்கன்னு கேட்டாங்க. நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. வீட்டு வேலை போக மிச்ச நேரத்துல எங்க ஊர் நூலகத்துல புத்தகம் எடுத்துப் படிக்கிற பழக்கம் உண்டு. அப்படிப் படிச்சதுல என் மனசை விட்டுப் போகாத ஒருத்தரைப் பத்தி எழுதுறேன். அவர் பேரு லுட்விக் வான் பீத்தோவன். ஜெர்மனியில பிறந்தவர், இருநூறு வருசத்துக்கு முன்னால வாழ்ந்தவர். உலகத்துல பெரிய இசை மேதைகள் யார் யாருன்னு கேட்டா முதல் நாலு பேருல அவர் பேரு கட்டாயம் வரும். அப்படிப்பட்டவருக்குக் காது கேட்காது.

காது கேட்காதவர் எப்படிங்க இசை எழுத முடியும்? இந்தக் கேள்விதான் என்னை அந்தப் புத்தகத்தைக் கீழே வைக்க விடலை. பதில் நான் நினைச்ச மாதிரி இல்லை. அதுல அற்புதம் மந்திரம் ஒண்ணும் கிடையாது. நமக்கெல்லாம் உபயோகமான விஷயம் இருந்தது.

பீத்தோவன் 1770ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் ரைன் நதிக்கரையில் இருக்கும் பான் என்ற ஊரில் பிறந்தார். தாத்தா அந்த ஊர் அரண்மனை இசைக்குழுவுக்குத் தலைவராக இருந்தவர். அப்பா யோகான் அதே அரண்மனையில் பாடகர். அம்மா பேரு மரியா மக்தலேனா. அவங்களுக்கு ஏழு பிள்ளைகள் பிறந்து, தக்கினது மூணு ஆம்பளப் பிள்ளைகள்தான். தக்கினவங்கள்ல மூத்தவர் பீத்தோவன்.

அப்பாவுக்குக் குடிப்பழக்கம். மகனைக் குழந்தை மேதைன்னு ஊருக்குக் காட்டிக் காசு பார்க்கணும்னு ஆசை. தூங்குற பிள்ளையை ராத்திரியில எழுப்பி பியானோ முன்னால உட்கார வைப்பாராம். ஏழு வயசுப் பையனை ஆறு வயசுன்னு விளம்பரம் போட்டு மேடை ஏத்தினார். பையன் நிஜமாகவே திறமைசாலி. 13 வயசிலேயே அரண்மனையில ஆர்கன் வாசிக்கிறவருக்கு உதவியாளாகச் சம்பளத்துக்குச் சேர்ந்துட்டார்.

1787ல் அம்மா காசநோயில் இறந்துபோனாங்க. அதுக்கப்புறம் அப்பாவோட குடி இன்னும் முத்திப் போச்சு. கீழே ரெண்டு தம்பிகள். 1789ல், 18 வயசுல, பீத்தோவன் ஒரு காரியம் செய்தார். அப்பா சம்பளத்துல பாதியைத் தம்பிகளை வளர்க்கத் தன் கையில கொடுக்கணும்னு அரண்மனைக்கு மனு எழுதிப் போட்டார். அரண்மனையும் சரின்னு உத்தரவு போட்டது. கூலி வாங்கின அன்னிக்கே பாதியைக் கடையில விட்டுட்டு வர்ற வீடுகளை நாம பார்த்திருக்கோம். அந்தப் பதினெட்டு வயசுப் பையன் எந்த மனசோட அந்த மனுவை எழுதியிருப்பார்ங்கிறது நமக்குப் புரியும்.

1792ல் அவர் ஆஸ்திரியா நாட்டுத் தலைநகர் வியன்னாவுக்குப் போனார். அங்கே ஹைடன் என்ற பெரிய இசைமேதையிடம் பாடம் படித்தார். கொஞ்ச வருசத்திலேயே வியன்னாவுல அவரைப் போல பியானோ வாசிக்க ஆள் இல்லைன்னு பேராச்சு. எழுதி வைக்காம, அந்த நிமிசத்துல மனசுல தோணுறதை அப்படியே வாசிச்சுக் கேட்கிறவங்களை அழ வைப்பாராம். பெரிய பிரபுக்கள் வீட்டுல கூப்பிட்டு விருந்து வைப்பாங்க. கையில் காசும் வந்தது.

அந்த நேரத்துலதான் காதுல கோளாறு ஆரம்பிச்சது. 1798 வாக்கில், வயசு 27, 28 இருக்கும். முதல்ல காதுக்குள்ள இடைவிடாம ஒரு இரைச்சல். அப்புறம் மேல் ஸ்தாயி ஓசைகள் கேட்காமப் போச்சு. நாடகம் பார்க்கப் போனா மேடைக்கு ரொம்பப் பக்கத்துல உட்கார்ந்தாத்தான் நடிகர் பேசுறது புரியும். மெதுவாப் பேசினா சத்தம் கேட்கும், வார்த்தை புரியாது. யாராவது கத்திப் பேசினாலோ தாங்க முடியாது.

பாதாம் எண்ணெய் விட்டுப் பார்த்தாங்க. குளிர்ந்த தண்ணியில குளிக்கச் சொன்னார் ஒரு வைத்தியர், வெதுவெதுப்பான தண்ணியில குளிக்கச் சொன்னார் இன்னொருத்தர். கையில் மரப்பட்டை வெச்சுக் கட்டிக் கொப்புளம் வர வைக்கிற வைத்தியமும் நடந்தது. ஒண்ணும் பலிக்கலை.

இந்த நோயை அவர் யாருக்கும் சொல்லலை. அதைத்தான் நாம கவனிக்கணும். 1801ல் ஊர்க்காரரான ஒரு வைத்திய நண்பருக்குக் கடிதம் எழுதினார். ரெண்டு வருசமா விசேஷங்களுக்கும் கூட்டங்களுக்கும் போறதையே நிறுத்திட்டதாகவும், எனக்குக் காது கேட்காதுன்னு ஜனங்க கிட்டச் சொல்ல வாய் வரலைன்னும் அதுல எழுதியிருந்தார். யாருக்கும் தெரிய வேண்டாம்னும் கேட்டுக்கிட்டார். வேற தொழிலா இருந்தாலும் பரவாயில்லை, இசைக்காரனுக்குக் காது போச்சுன்னு தெரிஞ்சா ஜனங்க என்ன சொல்வாங்கங்கிற பயம். ஊருக்குள்ள அவரைக் கர்வம் பிடிச்சவர், மனுசரை மதிக்காதவர்னு பேசிக்கிட்டாங்க. கூப்பிட்டாத் திரும்பிப் பார்க்கலைன்னா வேற என்ன நினைப்பாங்க?

இதைப் படிக்கும்போது எனக்கு என் மாமியார் ஞாபகம்தான் வந்தது. எங்க ஊருல தறிச் சத்தம் இல்லாத வீதி கிடையாது. அவங்க முப்பது வருசம் விசைத்தறி ஓட்டினவங்க. தறிக்காரங்களுக்குக் காது மந்தமாகுறது எங்க பக்கம் எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதான். ஆனா அவங்க வாயைத் திறந்து சொன்னதே இல்லை. நாலு பேர் சிரிச்சா தானும் சிரிப்பாங்க. எது கேட்டாலும் ஆமாம்பாங்க. அப்புறம் கல்யாணத்துக்கு வர மாட்டேன்னாங்க, கோயிலுக்கு வர மாட்டேன்னாங்க, கடைசியில குழுக் கூட்டத்துக்கும் போறதை விட்டுட்டாங்க. முட்டி வலின்னு காரணம் சொன்னாங்க. பீத்தோவன் சொன்ன காரணங்களும் இப்படித்தான் இருந்திருக்கும்.

1802ல் வைத்தியர் யோசனைப்படி அவர் வியன்னாவுக்கு வெளியே ஹைலிகன்ஸ்டாட் என்ற கிராமத்தில் ஆறு மாசம் போல ஓய்வுக்குப் போய்த் தங்கினார். அங்கே நடந்த ஒரு விஷயம் அவரை ஒடிச்சுப் போட்டது. பக்கத்துல நின்னவருக்குத் தூரத்துல ஒரு புல்லாங்குழல் ஓசை கேட்குது, இவருக்கு ஒண்ணுமே கேட்கலை. இடையன் பாடுறது மத்தவங்களுக்குக் கேட்குது, இவருக்குக் கேட்கலை. அந்த அக்டோபர் மாதம் தன் ரெண்டு தம்பிகளுக்கும் ஒரு நீண்ட கடிதம் எழுதினார். உயிரை விட்டுடலாம்னு நினைச்சதையும், தனக்குள்ள இருக்கிற இசையை எல்லாம் வெளியே கொண்டு வராம உலகத்தை விட்டுப் போக முடியாதுன்னு தோணினதையும் அதில் எழுதினார். தான் இறந்த பிறகாவது தன் நோயைப் பத்தி ஜனங்களுக்குச் சொல்லணும், அப்பவாவது தன்னைப் புரிஞ்சுக்குவாங்கன்னும் எழுதியிருந்தார்.

அந்தக் கடிதத்தை அவர் அனுப்பவே இல்லை. இருபத்தி நாலு வருசத்துக்கு மேல வீடு வீடா மாறினப்பவும் கூடவே வெச்சிருந்தார். இறந்த பிறகுதான் அவர் காகிதங்களுக்குள்ள கண்டெடுத்தாங்க. சொந்தத் தம்பிகளுக்குக் கூடச் சொல்ல முடியாத பாரம் அது.

ஆனா அந்தக் கிராமத்துல இருந்து வியன்னா திரும்பினவர் முழு மூச்சா எழுத உட்கார்ந்தார். சிம்பொனின்னா என்னன்னு இளையராஜா மூலமா நமக்கெல்லாம் ஓரளவு தெரியும். நிறைய வாத்தியக்காரர்கள் சேர்ந்து வாசிக்கிற பெரிய இசைக்கோர்வை. பீத்தோவன் மொத்தம் ஒன்பது சிம்பொனி எழுதினார். அதுல ஏழு, அந்தக் கடிதத்துக்கு அப்புறம் எழுதினது. அன்னிக்கு அவர் வேற முடிவு எடுத்திருந்தா அந்த ஏழும் இல்லை.

இன்னொரு மாற்றமும் வந்தது. 1806ல் ஒரு இசையை எழுதிப் பழகிக்கிட்டிருந்த தாளோட ஓரத்துல, இனிமேல் என் செவிட்டுத்தனம் ரகசியமா இருக்க வேண்டாம், என் கலையிலும் கூட வேண்டாம்னு தனக்குத்தானே எழுதி வெச்சார். ஒளிக்க ஆரம்பிச்சு ஏழெட்டு வருசம் கழிச்சு வந்த முடிவு அது.

1808 டிசம்பர் 22ஆம் தேதி வியன்னாவில் ஒரு கச்சேரி. கடுங்குளிர், நாலு மணி நேரம். ஐந்தாம் சிம்பொனியும் ஆறாம் சிம்பொனியும் அன்னிக்குத்தான் முதல் தடவையா ஜனங்க காதுல விழுந்தது. ஐந்தாவதோட ஆரம்பம் உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். மூணு குட்டைத் தட்டு, ஒரு நீளத் தட்டு. டிவியில எத்தனையோ இடத்துல வரும். ஆறாவது கிராமத்து வாழ்க்கையைப் பத்தினது. அதுல ஓடைக்கரைப் பகுதியில மூணு பறவைகள் கூவும். புல்லாங்குழல்ல நைட்டிங்கேல், ஓபோன்ற வாத்தியத்துல காடை, கிளாரினெட்டுல குயில். எந்த இடத்துல எந்தப் பறவைன்னு தாளிலேயே பேரு எழுதி வெச்சிருக்கார். இடையனோட குழல் கேட்கலைன்னு அழுத மனுசன், ஆறு வருசம் கழிச்சு ஞாபகத்துல இருந்த பறவைகளைக் கூவ வெச்சுட்டார்.

இது எப்படி முடிஞ்சது? எனக்குக் கோலத்தை வெச்சுத்தான் புரிஞ்சது. இருபது முப்பது வருசம் கோலம் போட்ட கைக்குக் கண்ணை மூடினாலும் புள்ளி தெரியும். எந்தப் புள்ளியில இருந்து எந்தக் கம்பி வளையும்னு மனசுக்குள்ள இருக்கும். அவர் சின்ன வயசுல இருந்து இசையிலேயே கிடந்தவர். எந்த வாத்தியத்துல எந்த ஸ்வரம் வாசிச்சா எப்படி இருக்கும்ங்கிறது முழுக்க மனசுக்குள்ள ஏறிப் போச்சு. மனசுல கேட்டதைத் தாள்ல எழுதினார். எங்கே நடந்து போனாலும் சட்டைப் பையில ஒரு நோட்டு வெச்சிருப்பார். தோணுறதைக் கிறுக்குவார், அடிப்பார், திரும்ப எழுதுவார். அந்தக் கிறுக்கல்கள் ஆயிரக்கணக்கான பக்கம் இன்னிக்கும் இருக்கு. ஒரே வரியைப் பல தடவை மாத்தி மாத்தி எழுதியிருக்கார். தானா வந்துடலை, உழைச்சுத்தான் வந்தது.

கருவிகளும் தேடிப் போனார். மெல்ட்செல் என்ற ஒரு கைவினைஞர் உலோகத்துல புனல் மாதிரி காதுக்குழல்கள் செஞ்சு கொடுத்தார். அவை இப்பவும் பான் நகரத்துல அவர் பிறந்த வீட்டுல பார்வைக்கு இருக்கு. லண்டன்ல இருந்து ஒரு கம்பெனி சத்தம் அதிகமான பெரிய பியானோவை அனுப்பி வெச்சது.

ஆனாலும் காது வருசத்துக்கு வருசம் மோசமாச்சு. 1814ல் ஒரு ஒத்திகையில அவர் வாசிச்சதை நேரில் பார்த்த ஒரு இசைக்காரர் எழுதி வெச்சிருக்கார். பலமா வாசிக்கிற இடத்துல பியானோ கம்பிகள் அதிர்ந்து இரைஞ்சதாம். மென்மையா வாசிக்கிற இடத்துல சத்தமே வரலையாம். தனக்குத்தான் கேட்கலையே, வந்துச்சா வரலையான்னு எப்படித் தெரியும்? அதோட மேடையில பியானோ வாசிக்கிறதை விட்டுட்டார். வியன்னாவுல முதல்ல பேர் வாங்கிக் கொடுத்த திறமையே போச்சு. எழுதுறதை மட்டும் விடலை.

1818ல் இருந்து பேச்சு சுத்தமாப் புரியாமப் போக, கையில ஒரு நோட்டும் பென்சிலும் வெச்சுக்கிட்டார். வர்றவங்க சொல்ல வேண்டியதை அதுல எழுதுவாங்க, அவர் வாயால பதில் சொல்வார். அந்த நோட்டுகள் நூத்துக்கு மேல இன்னிக்கும் பத்திரமா இருக்கு. போன் பேசுறவங்க பக்கத்துல உட்கார்ந்தா ஒருத்தர் பேசுறது மட்டும்தானே கேட்கும், அது மாதிரி மத்தவங்க சொன்னது மட்டும்தான் அதுல பெரும்பாலும் இருக்கும். இசையைப் பத்தின பெரிய பேச்சும் இருக்கு, சந்தைச் சாமான் கணக்கும் வேலைக்காரங்க சம்பளமும் அதே நோட்டுல இருக்கு.

இதைப் படிச்சுட்டு நான் என் பொண்ணோட பழைய நோட்டு ஒண்ணையும் பேனாவையும் மாமியார் கட்டில்கிட்ட வெச்சேன். அவங்க அஞ்சாவது வரைக்கும் படிச்சவங்க, எழுத்துக் கூட்டிப் படிப்பாங்க. கேஸ் வந்தாச்சு, மாத்திரை போட்டீங்களா, நாளைக்கு நாத்தனார் வர்றாங்கன்னு எழுதிக் காட்டுவோம். பதில் சொல்வாங்க, அது வீதி முழுக்கக் கேட்கும். போன மாசம் குழுத் தீர்மான நோட்டை வாங்கிட்டு வரச் சொல்லி, தானே படிச்சுப் பார்த்து, வட்டிக் கணக்குல ஒரு சந்தேகம் கேட்டாங்க. அது சரியான சந்தேகம்தான்.

பீத்தோவனை நான் சாமியாக்கி எழுத விரும்பலை. முன்கோபக்காரர். வீட்டு வேலைக்கு ஆள் நிக்காது. 1815ல் ஒரு தம்பி இறந்ததும், அவரோட மகன் கார்லைத் தன் பொறுப்புல வளர்க்கணும்னு தம்பி மனைவி யோகான்னா மேல கேஸ் போட்டார். நாலு வருசத்துக்கு மேல கோர்ட்டுல இழுத்தடிச்சு 1820ல் ஜெயிச்சார். பெத்த தாய்கிட்ட இருந்து பிள்ளையைப் பிரிச்சது எனக்கு ஒப்பவே இல்லை. பாசமும் கெடுபிடியும் தாங்காம அந்தப் பையன் 1826ல் உயிரை விடப் பார்த்துப் பிழைச்சான். நோய் வந்ததால ஒருத்தர் நல்லவராகவும் ஆயிடறதில்லை, கெட்டவராகவும் ஆயிடறதில்லை. வீட்டுல சீக்காளியைப் பார்த்துக்கிறவங்களுக்கு இது நல்லாத் தெரியும்.

பண விஷயத்துலயும் அவருக்கு நிறைய கஷ்டம். 1809ல் மூணு பிரபுக்கள் சேர்ந்து, வியன்னாவை விட்டுப் போகாம இருந்தா வருசம் 4,000 ஃப்ளோரின் கொடுக்கிறோம்னு ஒப்பந்தம் போட்டாங்க. ரெண்டே வருசத்துல நாட்டோட பண மதிப்பு சரிஞ்சு அந்தத் தொகை சுருங்கிப் போச்சு. கொடுக்கிறதாச் சொன்னவங்கள்ல ஒருத்தர் குதிரையில இருந்து விழுந்து இறந்தார். வர வேண்டிய பணத்துக்கு அலைஞ்சுதான் வாங்கினார்.

இத்தனைக்கும் நடுவுலதான் ஒன்பதாம் சிம்பொனி பிறந்தது. 1824 மே 7ஆம் தேதி வியன்னாவில் அரங்கேற்றம். அப்ப அவருக்குக் காது அனேகமா முழுசாவே போயிருந்தது. ஆனாலும் மேடையில நின்னு தாளம் காட்டினார். உம்லாஃப் என்ற இன்னொரு நடத்துநரும் நின்னார். வாத்தியக்காரங்க எல்லாம் உம்லாஃப் கையைத்தான் பார்த்து வாசிச்சாங்க. அவர் மனசு நோகாம, அதே நேரம் இசையும் கெடாம இருக்க அப்படி ஒரு ஏற்பாடு. வாசிச்சதும் அரங்கம் முழுக்கக் கைதட்டல். பீத்தோவன் முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கிறார், ஒண்ணும் தெரியலை. பாடின பெண்கள்ல கரோலின் உங்கர்ங்கிற இருபது வயசுப் பொண்ணு பக்கத்துல போய், அவரை மெதுவா ஜனங்க பக்கம் திருப்பி விட்டது. கைக்குட்டையும் தொப்பியும் ஆட்டுற கூட்டத்தை அவர் கண்ணால பார்த்தார்.

நான் அந்தப் பொண்ணைத்தான் அடிக்கடி நினைப்பேன். பெரிய காரியம் ஒண்ணும் பண்ணலை. தொட்டுத் திருப்பி விட்டது, அவ்வளவுதான். ஆனா அந்தக் கை இல்லைன்னா அந்தக் கைதட்டல் அவருக்கு வந்து சேர்ந்திருக்காது.

அதுக்கப்புறமும் அவர் ஓயலை. 1825ல் வயித்து நோய் வந்து சாகக் கிடந்தார். எழுந்ததும், குணமானவன் கடவுளுக்கு நன்றி சொல்றதா ஒரு இசைப் பகுதி எழுதினார். நாலு வாத்தியங்களுக்கு எழுதின கடைசிப் படைப்புகள் எல்லாம் அந்த முழு மௌனத்துல எழுதினவை. 1977ல் அமெரிக்கா அனுப்பின வாயேஜர் விண்கலத்துல வெச்ச தங்கத் தட்டுல ஐந்தாம் சிம்பொனியோட ஒரு பகுதியும், அந்தக் கடைசிப் படைப்புகள்ல ஒண்ணோட ஒரு பகுதியும் இருக்கு. அவர் காதால கேட்காத இசை சூரியக் குடும்பத்தையே தாண்டிப் போயிட்டிருக்கு.

1826 கடைசியில கல்லீரல் கெட்டு வயிறு வீங்கிப் படுத்தார். லண்டன் இசைச் சங்கத்தார் விஷயம் கேள்விப்பட்டு 100 பவுண்டு அனுப்பினாங்க. 1827 மார்ச் 26ஆம் தேதி, 56 வயசுல இறந்தார். மூணு நாள் கழிச்சு நடந்த இறுதி ஊர்வலத்துக்கு ஆயிரக்கணக்கான ஜனங்க திரண்டு வந்தாங்க.

சகோதரிகளே, இந்த வாழ்க்கையில எனக்குப் பட்டது இதுதான். நோய் அவர்கிட்ட இருந்து காதை எடுத்துக்கிச்சு. ஆனா நோயை ஒளிச்சு வெச்ச வருசங்கள் அவர்கிட்ட இருந்து மனுசங்களையே எடுத்துக்கிச்சு. ஒளிக்கிறதை விட்ட பிறகுதான் குழலும் நோட்டும் கூட நிக்கிற ஆளும் வந்தாங்க. நம்மள்ல எத்தனை பேரு வெள்ளைப்படுறதை, அடி இறங்குறதை, மார்புல இருக்கிற கட்டியை, மங்குற கண்ணை, கேட்காத காதை மூடி மூடி வெச்சிருக்கோம்! வீட்டுக்குச் செலவு வைக்கக் கூடாதுன்னு நினைக்கிறோம். சொன்னா வேலைக்கு ஆகாதவன்னு பேரு வந்துடுமோன்னும் பயம்.

கூட்டத்துக்கு வர்றதை நிறுத்தின உறுப்பினர் வீட்டுக்கு யாராவது ஒருத்தர் போய் என்ன ஏதுன்னு கேளுங்க. காது மந்தமானவங்களை வாசிக்கிறவங்களுக்கு நேர் எதிரே உட்கார வைங்க. தீர்மானத்தைப் படிச்சு முடிச்சதும் நோட்டை அவங்க கையில கொடுங்க. அரசு ஆஸ்பத்திரியில காது பரிசோதனை உண்டு. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்கிட்டா, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல காதுக் கருவிக்கு மனு கொடுக்கலாம். மனு எழுதத் தெரியாதவங்களுக்கு நம்ம குழுவுல எழுதத் தெரிஞ்சவங்க எழுதிக் கொடுக்கலாம். என் மாமியாருக்கு நானே எழுதிட்டேன். அடுத்த வாரம் ரெண்டு பேரும் போய்க் கொடுக்கப் போறோம்.